சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

வெளிநாடு போய் செட்டிலான நம்மவர்களுக்கு ஏன் இவ்வளவு சர்க்கரை நோய்? இந்தக் கேள்வியை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். குடும்ப டாக்டர், லண்டன் மச்சினர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நியூஜெர்ஸியிலிருந்து போன் பண்ணும் மகன், பார்க்கில் காலை வாக்கிங் வரும் ரிட்டயர்டு மாமா... எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். 'அது நம்ம ஜீன் சார். ரத்தத்திலேயே இருக்கு.'

சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு. அதோடு பேச்சு முடிந்தது. முன்பெல்லாம் தலையெழுத்து என்பார்கள். எழுதியவன் பிரம்மா. இப்போது எழுதியது டி.என்.ஏ. எழுத்தாளர் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். 'நாம செய்யறதுக்கு ஒண்ணுமில்லை' என்கிற நிம்மதி மட்டும் அப்படியே இருக்கிறது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த நிம்மதி ரொம்பப் பழக்கம். டிரயல் பேலன்ஸ் போடும்போது பற்றும் வரவும் ஒத்தே வராது. மணி ராத்திரி பத்து. கூட்டிக் கூட்டிப் பார்த்தாலும் 1,350 ரூபாய் இடிக்கிறது. என்ன செய்வது? அந்த 1,350-ஐ 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்பில் எழுதினால் இரண்டு பக்கமும் டேலி. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இது திருட்டுத்தனம் இல்லை, கணக்கியலில் அனுமதி உள்ள வழிதான். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அது தற்காலிக ஏற்பாடு. பிழை எங்கே என்று தேடிப் பிடித்து, உரிய கணக்கில் எழுதி, சஸ்பென்ஸைப் பூஜ்யமாக்க வேண்டும்.

ஊர் விட்டு ஊர் போனவர்களின் சர்க்கரை நோய் விஷயத்தில் ஜீன் என்பது, அறுபது வருஷத்துக்கு மேலாக மூடப்படாமல் கிடக்கும் சஸ்பென்ஸ் அக்கவுன்ட். இந்த வாரம் அதைக் கொஞ்சம் ஆடிட் செய்யலாம், வாருங்கள்.

* * *

கணக்கைத் திறந்தவர் ஜேம்ஸ் நீல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மரபியல் பேராசிரியர். ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டில் தப்பியவர்களின் குழந்தைகளை ஆராய்ந்தவர். லேசுப்பட்ட ஆளில்லை. 1962-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். சர்க்கரை நோய் பரம்பரையாக வருகிறது. ஆளைப் பலவீனப்படுத்துகிறது. அப்படியானால் அதற்குக் காரணமான ஜீன், இயற்கையின் வடிகட்டலில் எப்போதோ காணாமல் போயிருக்க வேண்டுமே? ஏன் போகவில்லை?

நல்ல கேள்வி. நீல் சொன்ன பதிலும் அழகானது. அந்த ஜீன் ஒரு காலத்தில் உபகாரியாக இருந்தது என்றார். வேட்டையாடி வாழ்ந்த மனிதனுக்கு ஒரு நாள் விருந்து, பத்து நாள் பட்டினி. கிடைத்ததைச் சட்டென்று கொழுப்பாக்கிச் சேர்த்து வைக்கும் உடம்பு பஞ்சத்தில் தாக்குப் பிடித்தது. ஊதாரி உடம்பு செத்துப்போனது. ஆக, மிஞ்சியது 'சிக்கன' ஜீன். இன்று பஞ்சம் இல்லை. தினம் தினம் டெபாசிட் மட்டும் நடக்கிறது, பணம் எடுக்க ஆளில்லை. சேமிப்பே வியாதியாகிவிட்டது.

பேங்க் பாஸ்புக் பார்க்கத் தெரிந்தவனுக்குக்கூடப் புரிகிற தியரி. அதனால்தான் அது கட்டுரையை விட்டு வெளியே வந்து, கல்யாண வீட்டுப் பந்திவரை போய்ச் சேர்ந்தது. வழியில் ஒரு சின்னப் பொருள் மட்டும் தொலைந்துவிட்டது. நீலின் கட்டுரைத் தலைப்பு ஒரு கேள்விக்குறியோடு முடிகிறது. அவர் கேட்டார். நாம் முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டோம்.

நம் ஊரில் இந்தத் தியரிக்கு ரெடிமேடாக ஒரு சாட்சியும் கிடைத்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சம். சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். பிழைத்தவர்கள் கப்பலேறினார்கள். 'அந்தப் பஞ்சத்தில் தப்பியவர்களின் வாரிசுதானே நாம்? அதான் இப்படி' என்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். கொஞ்சம் யோசியுங்கள். நூற்றைம்பது வருஷம் என்பது ஆறேழு தலைமுறை. ஒரு ஜனத்தொகையின் மரபையே புரட்டிப் போட அது போதாது.

பஞ்சம்தான் காரணம் என்றால் இன்னொரு கேள்வியும் வருகிறது. 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகி, ஏழு வருஷத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேல் ஜனங்கள் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் ஓடினார்கள். அவர்களும் பஞ்சத்தில் தப்பியவர்கள்தான், அவர்களும் குடியேறியவர்கள்தான். 'ஐரிஷ் சிக்கன ஜீன்' என்று நான் எங்கும் படித்ததில்லை. நீங்கள்? பஞ்சம் உலகம் முழுக்க வந்தது. ஜீன் பட்டம் மட்டும் தோல் நிறம் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. ஆடிட்டர் புருவத்தை உயர்த்த வேண்டிய முதல் இடம் இது.

நீல் நேர்மையானவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்சுலின் பற்றித் தாம் முதலில் கொடுத்த விளக்கம் நிற்கவில்லை என்று 1982-ல் அவரே திரும்ப எழுதினார். 1990-களின் கடைசியில், ஒரு இனத்துக்கு இந்த நோய் அதிகம் வருவதற்கு அந்த இனத்தின் பிறவிக்குணம் மட்டுமே காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை, வாழ்க்கைமுறை மாற்றம்தான் பெரும்பங்கு என்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார். 2000-ல் காலமானார். கணக்கைத் திறந்தவரே மூடப் பார்த்தார். நாம்தான் பாஸ்புக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

* * *

சரி, வவுச்சர்களைப் பார்ப்போம்.

முதல் வவுச்சர், இஸ்ரேல். 1949-50-ல் ஏமன் நாட்டு யூதர்கள் சுமார் 49,000 பேரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். அவர்களுக்கு முன்பே, இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அங்கே குடியிருந்த ஏமன் யூதர்களும் உண்டு. ஜெருசலேமில் கோஹன் என்ற டாக்டர் இரண்டு கூட்டத்தையும் பரிசோதித்தார். புதிதாக வந்தவர்களில் சர்க்கரை நோய் 10,000-க்கு 6 பேர். பழைய ஆட்களில் 100-க்கு ஏறக்குறைய 3 பேர். ஒரே ஜனம், ஒரே மூதாதையர். வித்தியாசம் கிட்டத்தட்ட ஐம்பது மடங்கு! அந்தக் காலத்துப் பரிசோதனை முறைகள் கரடுமுரடுதான். வேண்டுமானால் பாதியைத் தள்ளுபடி செய்யுங்கள், இருபத்தைந்து மடங்கு மிச்சம் இருக்கும். ஏமனில் அவர்கள் வெள்ளைச் சர்க்கரையைத் தொட்டதே அபூர்வம், இஸ்ரேலில் அது தினசரி உணவாகிவிட்டது என்று கோஹன் எழுதினார். அவருடைய கட்டுரைகள் வந்தது 1958-லும் 1961-லும். அதாவது, நீலின் தியரி பிறப்பதற்கு முன்பே எதிர்சாட்சி கூண்டில் ஏறிவிட்டது.

இரண்டாவது, நம் நாட்டு வவுச்சர். கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போவதும் ஒரு குடிபெயர்வுதானே? லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு ஆகிய நான்கு ஊர்களின் ஃபேக்டரித் தொழிலாளர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. முடிவு 2010-ல் வெளியானது. ஆய்வாளர்கள் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். கிராமத்திலிருந்து வந்து வேலையில் சேர்ந்தவரிடம், 'ஊரிலேயே தங்கிவிட்ட உங்கள் கூடப்பிறந்தவர் ஒருவரையும் சேர்த்துக்கொள்கிறோம்' என்றார்கள். ஒரே அப்பா, ஒரே அம்மா. ஒருத்தர் வயலில், இன்னொருத்தர் டவுன்ஷிப்பில்.

ஆண்களின் கணக்கு இது. கிராமத்திலேயே இருந்தவர்களில் சர்க்கரை நோய் 6.2 சதவிகிதம். நகரத்துக்கு வந்தவர்களில் 14.3. நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களில் 13.5. அண்ணன் தம்பிக்குள் ஜீன் பெரிதாக மாறிவிடவில்லை. ரயில் டிக்கெட்தான் வித்தியாசம். நகரத்துக்கு வந்தவர், நகரத்தானையே மிஞ்சிவிட்டார் என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது வவுச்சர்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மொரீஷியஸ்.

இந்தத் தீவுக்கு ஒரு விசேஷம் உண்டு. அங்கே பூர்வகுடி என்று யாருமே கிடையாது. ஆளில்லாத் தீவாகக் கிடந்ததில் டச்சுக்காரன், பிரெஞ்சுக்காரன், ஆங்கிலேயன் என்று ஒவ்வொருவராக வந்து, கரும்பு பயிரிட ஆட்களைக் கொண்டுவந்து கொட்டினார்கள். முதலில் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகள். அடிமை முறை ஒழிந்ததும் ஒப்பந்தக் கூலிகள். 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய 5 லட்சம் இந்தியர்கள் போர்ட் லூயிஸ் துறைமுகத்தின் ஆப்ரவாசி படிக்கட்டில் இறங்கினார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. இன்றும் அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்க்கலாம். வியாபாரத்துக்குச் சீனர்களும் வந்தார்கள். ஆக, மொத்த நாடுமே குடியேறியவர்கள்.

1987-ல் அங்கே ஒரு பெரிய சுகாதாரக் கணக்கெடுப்பு நடந்தது. 25-லிருந்து 74 வயது வரை சுமார் 5,000 பேரைக் கூப்பிட்டு, குளுக்கோஸ் கொடுத்து, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை நோய் இருந்தவர்கள், இந்திய வம்சாவளி இந்துக்களில் 12.4 சதவிகிதம். முஸ்லிம்களில் 13.3. ஆப்பிரிக்கக் கலப்பு வம்சாவளியான கிரியோல்களில் 10.4. சீனர்களில் 11.9.

இன்னொரு தடவை படியுங்கள். இந்தியா, ஆப்பிரிக்கா, சீனா என்று மூன்று மூலைகளிலிருந்து வந்தவர்கள். கோயில் வேறு, கிச்சன் வேறு, மூக்கு வேறு, முழி வேறு. நோயின் சதவிகிதம் மட்டும் ஏறக்குறைய ஒன்று! அப்போது சீனாவிலேயே நிலைமை என்ன? 1980-ல் நடந்த பெரிய கணக்கெடுப்பில் ஒரு சதவிகிதத்தைச் சுற்றித்தான் இருந்தது. அளந்த முறை வேறு என்று கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்போதும் வித்தியாசம் மலைபோல நிற்கும்.

அப்புறம் சீனாவும் மாறியது. சைக்கிள் போய் கார் வந்தது, வயல் போய் ஃபேக்டரி வந்தது. 2007-08-ல் 46,000 பேரை வைத்து அளந்தபோது 9.7 சதவிகிதம். மொரீஷியஸ் சீனர்கள் கடல் தாண்டிப் போய்த் தேடிக்கொண்டதை, சீனத்துச் சீனர்கள் வீட்டிலிருந்தபடியே வரவழைத்துக்கொண்டார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் நூறு கோடிப் பேரின் ஜீன் மாறியிருக்கும் என்று எந்த மரபியல் பேராசிரியரும் கையெழுத்துப் போட மாட்டார்.

* * *

'இருங்க சார், லண்டன் கணக்கு இருக்கே' என்று நீங்கள் குறுக்கே வரலாம். வரவேண்டும். ஜீன் கட்சியின் பலமான வாதமே அதுதான்.

லண்டனின் மேற்கே சவுத்தால் என்றொரு பகுதி. 1991-ல் வெளியான பிரபலமான ஆய்வு ஒன்று அந்தப் பக்கத்தில் நடந்தது. 40-லிருந்து 69 வயதுக்காரர்களில் தெற்காசியர்களுக்கு நோய் 19 சதவிகிதம், வெள்ளைக்காரர்களுக்கு 4. ஒரே ஊர், ஒரே மழை, ஒரே சூப்பர் மார்க்கெட். பஞ்சாபி சீக்கியர், குஜராத்தி இந்து, முஸ்லிம் என்று சாப்பாடு தனித்தனியாக இருந்தும் எல்லோருக்கும் அதிகம். அப்புறம் ஜீன் இல்லாமல் வேறென்ன?

இதற்கு இரண்டு பதில். ஒன்று, ஒரே ஊரில் இருப்பதும் ஒரே வாழ்க்கை வாழ்வதும் வேறு வேறு. சென்னையில் போட் கிளப் ரோடும் இருக்கிறது, கண்ணகி நகரும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மேயர்தான்.

இரண்டாவது பதில் இன்னும் சுவாரசியம். 2004-ல் லான்செட் இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள். லண்டனின் ஜான் யுட்கின், புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக். உயரத்துக்கு ஏற்ற எடை என்கிற பி.எம்.ஐ. கணக்கில் இரண்டு பேரும் 22.3. அச்சு அசல் சமம். ஆனால் உடம்பின் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்த்தால் ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மில் பாதிப் பேர் இந்த ரகம்தான். யுட்கின் மராத்தான் ஓடுகிறவர், யாஜ்னிக் ஓடுவது மூடப்போகும் லிஃப்டைப் பிடிக்க என்று அவர்களே தமாஷாக எழுதியிருந்தார்கள்.

தமாஷைத் தாண்டிய விஷயம் யாஜ்னிக்கின் இன்னொரு வேலையில் இருக்கிறது. புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டார். நம் குழந்தை சராசரி 2.7 கிலோ, அவர்கள் குழந்தை 3.5 கிலோ. நம் குழந்தையிடம் குறைச்சலாக இருந்தது தசை. கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ள வேண்டிய இடம் தசைதான். அந்த கோடவுன் பிறக்கும்போதே சின்னது என்றால், பிற்பாடு சரக்கு லாரி லாரியாக வரும்போது எங்கே இறக்குவது? ரத்தத்திலேயே நிற்கும்.

இதைத்தான் இங்கிலாந்தின் ஹேல்ஸ், பார்க்கர் இருவரும் 1992-ல் வேறு விதமாகச் சொன்னார்கள். சிக்கனம் பிடிப்பது ஜீன் இல்லை, கரு. தாய்க்குச் சாப்பாடு போதாவிட்டால், வெளியே பஞ்சம் போலிருக்கிறது என்று கணித்து, அதற்கேற்ற உடம்பைக் கரு கட்டிக்கொள்கிறது. அந்தக் குழந்தை அதே வறட்டுக் கிராமத்தில் வளர்ந்தால் கணிப்பு சரி. விமானமேறி சவுத்தாலுக்குப் போனால் கணிப்பு தவறி, கணக்கு கவிழ்கிறது. இந்த விளக்கமும் முடிந்த முடிவில்லை. ஆனால் கேள்வியை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள். 'நம்ம ரத்தம்' என்பதிலிருந்து 'நம்ம அம்மாவின் தட்டு' என்பதற்கு. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிட்ட பெண்களின் கணக்கு, இரண்டு தலைமுறை கழித்து லண்டன் ஆஸ்பத்திரியில் செட்டில் ஆகிறது.

அப்படியானால் ஜீனுக்குப் பங்கே இல்லையா? உண்டு. அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து கூடும் என்பதில் சந்தேகமே இல்லை. சவுத்தால் ஆட்களை இருபது வருஷம் தொடர்ந்து பார்த்தபோது, பெண்களின் கூடுதல் ஆபத்தை இடுப்புச் சுற்றுக் கொழுப்பும் இன்சுலின் மந்தமும் விளக்கிவிட்டன. ஆண்களிடம் கொஞ்சம் விளங்காமல் மிச்சம் நின்றது. அந்த மிச்சத்தில் ஜீன் இருக்கலாம். நான் சொல்வது, மிச்சத்தை மிச்சமாக எழுதுங்கள் என்பதுதான். முழுத்தொகையையும் அதன் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. சிக்கன ஜீனைத் தேடோ தேடென்று தேடியவர்கள், 2016-ல் சமோவாத் தீவுக்காரர்களிடம் அதற்குப் பொருத்தமான ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேரிடம் இருக்கிறது. கொழுப்பைச் சேமிக்கத்தான் செய்கிறது. எடையைக் கூட்டத்தான் செய்கிறது. ஆனால் அது இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் ஆபத்து கூடவில்லை, குறைகிறது! குற்றவாளி என்று பிடித்துக்கொண்டு வந்தவர், வீட்டுக்குக் காவல் இருந்தவராக இருக்கிறார்.

* * *

'ஜீனோ, ஊரோ, எதுவாயிருந்தால் என்ன? மாத்திரை ஒன்றுதானே?' என்று கேட்கலாம். இங்கேதான் விஷயம் வெறும் அறிவியல் சண்டையாக இல்லாமல் ஆட்களின் உயிராகிறது. கடைசி வவுச்சர், ஸ்வீடன்.

1987-லிருந்து 1991 வரை ஸ்வீடன் அரசு, அகதிகளாக வந்தவர்களை நாடு முழுக்கப் பிரித்து அனுப்பியது. எந்த ஊரில் வீடு காலியோ அங்கே. இஷ்டம் கேட்கவில்லை. ஒருவருக்கு வசதியான பேட்டை, இன்னொருவருக்கு வேலையில்லாதவர்களும் ஏழைகளும் நிறைந்த பேட்டை. கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கல் மாதிரி. அப்படிப் போனவர்களில் 61,386 பேரின் மருத்துவப் பதிவுகளை, 2002-லிருந்து 2010 வரை ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வெளிவந்தது. வசதியான இடம் கிடைத்தவர்களில் 5.8 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய். நடுத்தர இடத்தில் 7.2. ஏழைப் பேட்டையில் 7.9. அங்கே குடியிருந்த வருஷம் ஏற ஏற வித்தியாசமும் ஏறியது.

சதவிகிதம் சின்னதாகத் தெரியும். ஆளாக மாற்றிப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு இருபத்தொரு பேர் அதிகம். அந்த இருபத்தொரு பேரின் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் காலுக்கும் வந்த ஆபத்து, ஒரு அதிகாரி எந்த ஃபைலில் எந்த ஊர் பெயரை எழுதினார் என்பதில் இருந்து தொடங்கியது. அவர்களிடம் போய் 'உங்கள் ஜீன் சரியில்லை' என்று சொல்வது நியாயமா?

இதுதான் என் புகார். ஜீன் என்ற பதில் யாரையும் கேள்வி கேட்காது. வீட்டு வசதித் துறை தப்பித்தது. நடக்க நடைபாதை போடாத நகரசபை தப்பித்தது. இரண்டு ஷிஃப்ட் வேலை வாங்கும் முதலாளி தப்பித்தார். கோலாவைத் தண்ணீர் விலைக்கும் காய்கறியைத் தங்கம் விலைக்கும் விற்கும் கடை தப்பித்தது. மாட்டிக்கொண்டது, ராத்திரி டாக்ஸி ஓட்டிவிட்டுக் காலையில் தூங்கும் குடியேறி மட்டும். அவருக்கு டாக்டர் சொல்வது, 'அரிசியைக் குறைங்க.'

அரிசியைக் குறைப்பது நல்லதுதான். நான் அதற்கு எதிரி இல்லை. வம்சாவளியைப் பார்ப்பதே தப்பு என்றும் சொல்லவில்லை. 2013-ல் இங்கிலாந்தின் சுகாதார வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 23 தொட்டாலே எச்சரிக்கையாக இருங்கள் என்றது. வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் கோடு 25. இது நல்ல உபயோகம். சீக்கிரம் பரிசோதனை செய்யச் சொல்லும் மணி. மணி அடிப்பதற்கு வம்சாவளி போதும். தீ எங்கே பிடித்தது என்று சொல்ல அது போதாது.

மொரீஷியஸிலிருந்து ஒரு நல்ல செய்தி, ஒரு கெட்ட செய்தி. 1987 கணக்கெடுப்பைப் பார்த்துப் பதறிய அரசு, மானிய விலைச் சமையல் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு மாற்றியது. ரேஷன் டின்னுக்குள் இருந்ததையே மாற்றினார்கள். ஐந்தே வருஷத்தில் நாட்டின் சராசரி கொலஸ்ட்ரால் 5.5-லிருந்து 4.7-க்கு இறங்கியது. கெட்ட செய்தி, சர்க்கரை நோய் இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. எண்ணெய் ஒரு கணக்கு. சர்க்கரை நோய் பல கணக்குகளின் கூட்டுத்தொகை. ஒரு வரியைத் திருத்தினால் தீராது.

தனி ஆளுக்கு வழியே இல்லையா என்றால், அதற்கும் சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாசலில் நின்றுகொண்டிருந்த 531 பேரை வைத்து நடத்திய சோதனை 2006-ல் வெளியானது. சும்மா விடப்பட்டவர்களில், மூன்று வருஷத்தில் 55 சதவிகிதம் பேர் வாசலைத் தாண்டி நோய்க்குள் போய்விட்டார்கள். நடை, உணவுக் கட்டுப்பாடு என்று கூடவே இருந்து கவனிக்கப்பட்டவர்களில் 39.3 சதவிகிதம். எல்லாம் அதே நம்ம ஜீன்தான். நூற்றுக்கு ஏறக்குறையப் பதினாறு பேர் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 39 பேர் அப்போதும் உள்ளே போனார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். நடை மந்திரம் இல்லை. ஆனால் தலையெழுத்தும் இல்லை.

அடுத்த முறை யாராவது 'ரத்தத்திலேயே இருக்கு' என்றால், கோபப்படாமல் நாலு கேள்வி கேளுங்கள். அவர் அங்கே போய் எத்தனை வருஷமாகிறது? எந்தப் பேட்டையில் வீடு? என்ன வேலை, எத்தனை மணி நேரம்? அவருடைய அம்மா அவரை வயிற்றில் சுமந்தபோது என்ன சாப்பிட்டார்? இந்த நாலுக்கும் பதில் எழுதி, உரிய தலைப்பில் போட்டபிறகு என்ன மிஞ்சுகிறதோ, அதை ஜீன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணையில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டால், வழக்கம்போல 'சாப்பிட்டியா?' என்று ஆரம்பியுங்கள். நம்மால் அதை விட முடியாது. அதோடு, 'கடைசியா எப்பப்பா ரத்தம் கொடுத்துப் பார்த்தே? ஆபீஸுக்கு நடந்து போக வழி இருக்கா?' என்றும் கேட்டு வையுங்கள்.